விழுப்புரம் வெயிலுக்கு ஒரு ஸ்வெட்டர்

விழுப்புரத்தில் கம்பளிக்கு ஒரே ஒரு பயன்தான் உண்டு. ஜுரம் வந்தால் போர்த்திக்கொள்ளலாம். ஜுரம் விட்டதும் மடித்துப் பரணில் போட்டுவிடலாம். அப்படிப்பட்ட ஊருக்கு என் வீட்டுக்காரர் ஒரு தலையணை உறை நிறைய உல்லன் நூலோடு வந்து இறங்கினார். ஐம்பதுகளின் கடைசி, சித்திரை மாதம். பதினாலு மாதம் கழித்து வீடு திரும்புகிற மனிதர் என்னதான் கொண்டுவந்திருக்கிறார் என்று ஆசையாகப் பிரித்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் அரித்தது.

அவர் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். அந்தப் பதினாலு மாதமும் அவர் இருந்தது மெட்ராஸ் பக்கத்தில் ஒரு சானடோரியத்தில். டி.பி. இன்றைக்கு இந்த இரண்டு எழுத்தை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது எங்கள் ரயில்வே காலனியில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அந்த உடம்பு" என்பார்கள், சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள். அவர் அங்கிருந்து கிளம்பிய அன்று பெரிய டாக்டர் என்னை எதிரே உட்காரவைத்துச் சொன்னார். சளியில் கிருமி இல்லை. இனி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரே டம்ளரில் குடிக்கலாம், பயமே வேண்டாம். நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பின்னல் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது சானடோரியம்தான். படுத்தே கிடக்கிறவர்களுக்கு மனசு கெட்டுப்போகாமல் இருக்கக் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமாம். எந்த நாட்டிலோ குளிரில் இருக்கிற மாதாகோவில் பெண்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னியது போக மீந்த நூலை எல்லாம் மூட்டை கட்டி அனுப்புவார்கள். நோயாளிகள் பின்னியது போக அதிலும் மீந்ததை நர்ஸம்மா இவர் தலையில் கட்டிவிட்டாள். ஆக எங்கள் வீட்டுக்கு வந்தது மிச்சத்தின் மிச்சம். ஒரு உருண்டை எலுமிச்சம்பழ அளவு, ஒன்று சாத்துக்குடி அளவு. எந்த நிறமும் ஒரு முழு உருப்படிக்குப் போதாது.

"தூக்கிப் போட்டா என்னாங்க?" என்றேன்.

"வந்த சரக்கு போய்ச் சேரணும். சும்மா கெடக்கக் கூடாது" என்றார். பார்சல் ஆபீஸ் புத்தி.

வேலைக்குத் திரும்ப இன்னும் ஆறு மாதம் இருந்தது. லோகோ ஷெட்டில் தெரிந்தவரிடம் சொல்லி இரண்டு சைக்கிள் போக்ஸ் கம்பியை முனை தேய்த்து வாங்கிக்கொண்டார். ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வியர்வை வழிய வழிய, கண்ணி கண்ணியாகப் பின்ன ஆரம்பித்தார். மீசை வைத்த ஆம்பிளை, பனியனோடு, மே மாதத்தில் கம்பளி பின்னுகிற காட்சியைப் பார்க்கக் காலனியே அந்தப் பக்கமாகக் காய்கறி வாங்கப் போனது. பார்த்தவர்கள் யாரும் உள்ளே மட்டும் வரவில்லை.

முதல் உருப்படி எனக்குத்தான். ஒரு அரைக்கை ஸ்வெட்டர். "வா, அளவு எடுக்கிறேன்" என்று கூப்பிட்டார். "கண்ணாலயே பாத்துக்கோங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்குது" என்று தள்ளி நின்றேன். அடுப்பில் அப்போது வெந்நீர் மட்டும்தான் இருந்தது. பத்து நாளில் முடித்துக்கொடுத்தார். முன்பக்கம் காப்பிக்கொட்டை நிறம், முதுகுப்பக்கம் சாம்பல், தோளில் மஞ்சளாக ஒரு கோடு. கண்ணளவில் பின்னியதால் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று மெச்சி, பாச்சை உருண்டை போட்டு, டிரங்க் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். பத்திரமாக வைத்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நான் ஒன்றும் தூக்கி எறியவில்லை.

அவருடைய டம்ளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது விளிம்பில் சின்னதாக நசுங்கிய டம்ளர். தினம் காப்பி ஆனதும் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் குழாயடியில் வைத்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவேன். டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. சுத்தமாக இருப்பது நல்லதுதானே.

அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் பின்ன ஆரம்பித்தார். என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது சம்பளமோ பிரமோஷனோ இல்லை. அவர் கையால் செய்த ஒன்றை யாராவது ஒருத்தர் வாங்கி உடம்பில் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அவர் வாயால் அதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு உருப்படியையும் கொடுத்துவிட்டு வந்து, அந்த வீட்டு வாசலை ஜன்னல் வழியாகவே நாலு நாள் பார்த்துக்கொண்டு இருப்பார். அதைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

பக்கத்து வீட்டில் பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. ரோஜா நிறத்தில் ஒரு குல்லா பின்னிக் கொடுத்தார். அவள் முந்தானையை நீட்டி அதில் போடச் சொல்லி வாங்கினாள்.

"எவ்ளோ அழகா இருக்குதுண்ணே! வெயிலு தணியட்டும், போட்டு விடறேன்."

"ஆமாம்மா, வெயில்ல போடக் கூடாது. கொழந்தைக்கு வேக்குரு வந்துடும்" என்று இவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

எங்கள் ஊர் வெயில் அந்த வருஷம் எத்தனை பேர் மானத்தைக் காப்பாற்றியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் அதற்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். ஐப்பசியில் வேலைக்குத் திரும்பியபோது பார்சல் ஆபீஸ் பெரியவருக்கு ஒரு மப்ளர் கொண்டுபோனார். "மார்கழி வரட்டும்யா, தெனம் கட்டிக்கிறேன்" என்றாராம் அவர். மார்கழி வந்தது. ரயில் தண்டவாளம் தெரியாத அளவுக்குப் பனி. பெரியவர் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க, "இந்த வருஷம் பனியே இல்லியேய்யா" என்றார். இதை என் வீட்டுக்காரர் வந்து சொல்லும்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் சிரித்தேன். பிறகு ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

பொங்கலுக்குத் திண்டிவனம் போனோம். அங்கே என் அக்காவின் வீடு. அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார், நல்ல வாட்டசாட்டமான ஆள். அவருக்கென்று இவர் இரண்டு மாதம் உழைத்து ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னியிருந்தார். இருந்த நூலில் முக்கால்வாசி அதில் போய்விட்டது. மார்பில் இரண்டு விதமான நீலம், வயிற்றில் கடுகு மஞ்சள், வலது கை முழுக்கப் பச்சை. இடது கையும் பச்சையாகத்தான் தொடங்கியது, முழங்கையில் நூல் தீர்ந்துபோய் அங்கிருந்து ரோஜா நிறம். மாமா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார்.

"சகலை, இத இந்த ஊர்ல போட்டு வீணாக்கக் கூடாது. பெங்களூரு போவும்போது போட்டுக்கினு போறேன். அங்கதான் குளுரு" என்றார்.

அதற்குப் பிறகு என் அக்காவுக்கு நான் போட்ட ஒவ்வொரு கார்டிலும் கடைசி வரியை அவர் வாங்கி எழுதினார். "சகலை பெங்களூர் போய் வந்தாரா? ஸ்வெட்டர் அக்குளில் பிடிக்கிறதா?" பதிலில் அக்கா ஊர் விஷயம் எல்லாம் எழுதுவாள். பெங்களூரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

மாசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெயில் மனுஷனுக்குத்தானே, சாமானுக்கு என்ன என்று, பார்சல் ஆபீஸ் தண்ணீர்க் கூஜாவுக்கு ஒரு உறை பின்னினார். உறையை நனைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருந்தது. நிஜமாகவே நல்ல வேலை. ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்களாம். மறுநாளிலிருந்து ஆளாளுக்கு வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

"கூஜாத் தண்ணி தீரவே மாட்டேங்குது. அவ்ளோ ஜில்லுனு இருக்குது, யாராலயும் ரொம்பக் குடிக்க முடியல போல" என்றார் என்னிடம். தெரிந்துதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீடு கட்டுகிறாள், சுவர் எழும்பிவிட்டது, பார்த்துவிட்டு வரலாம் என்று காலைப் பாசஞ்சரில் திடீரென்று கிளம்பினோம். சொல்லாமல் கொள்ளாமல் போனதுதான் தப்பு. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி பிடித்து ஒலக்கூர் போகிற ரோட்டில் அந்த மனைக்கு வந்தோம். வண்டி திரும்பும்போதே எனக்குக் கண்ணில் பட்டுவிட்டது. இவருக்கு அதற்கும் முன்னாலேயே பட்டிருக்கும்.

புது வீடு கட்டும்போது ஊர்க்கண் படாமல் இருக்கத் திருஷ்டி பொம்மை கட்டுவார்களே, அது நின்றுகொண்டிருந்தது. சாரத்தில் ஒரு மூங்கிலில் ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் வைக்கோல். தலைக்குக் கரிப்பானை, அதில் சுண்ணாம்பில் மீசையும் பல்லும். காலில் யாருடையதோ கிழிந்த காக்கி நிஜார். மேலே, மார்பில் இரண்டு நீலமும் வயிற்றில் கடுகு மஞ்சளுமாக, ஒரு கை பச்சையும் ஒரு கை பாதி ரோஜாவுமாக, என் வீட்டுக்காரரின் இரண்டு மாத உழைப்பு.

மாமா கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "வாங்க சகலை, வாங்க" என்கிறார், கை பொம்மையை மறைக்கிற மாதிரி முன்னால் வருகிறது. பத்தடி உயரத்தில் இருப்பதை எப்படி மறைப்பது? சித்தாள் பெண்கள் மண் சட்டியோடு வேடிக்கை பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் சாரத்துக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து, சாவகாசமாகப் பார்த்தார்.

"அக்குள்ள பிடிக்கல. அளவு சரியாத்தான் இருக்குது" என்றார்.

பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுபடி சொன்னார்.

"வெயிலு கியிலுன்னு ஒண்ணும் சொல்லாம போட்டுக்கினவரு இந்த ஒருத்தர்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமா, "சகலை, ஆளுங்க தெரியாம எடுத்து... இப்பவே கழட்டச் சொல்றேன்" என்று தடுமாறினார். "வேணாம், இருக்கட்டும். வீடு முடியற வரைக்கும் அவருக்கு வேலை இருக்குதே" என்று சொல்லிவிட்டு, கொத்தனாரிடம் நிலைப்படியின் அகலத்தைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டார்.

நான் விடுவேனா? மனைக்குப் பின்னால்தான் அக்கா குடியிருந்த வாடகை வீடு. நேரே சமையல்கட்டுக்குப் போனேன்.

"உனக்கு மனசாட்சி இருக்குதாக்கா? ரெண்டு மாசம் உக்காந்து பின்னுன மனுஷன். வைக்கோலுக்குப் போட்டு விட்டிருக்கியே!"

அக்கா முதலில் சமாளிக்கத்தான் பார்த்தாள். "ஊர்க்கண்ணு எல்லாம் அதும்மேல போவணும்னுதானடி கட்டறது. அந்தச் சட்டையப் பாத்துட்டு எவனாவது வீட்டப் பாப்பானா? அதான் கொத்தனாரு அத எடுத்து மாட்டுனாரு."

அந்த நேரத்திலும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சண்டைக்கு வந்தவள் நியாயத்தை ஒப்புக்கொள்ள முடியுமா? நோய் வந்த மனுஷனைத் தீண்டக் கூடாதவர் மாதிரி நடத்துகிறீர்கள், சொந்தக்காரர்களே இப்படிச் செய்தால் ஊரான் என்ன செய்வான் என்று ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணு பின்னுனாரே, அது எங்கடி?"

"பெட்டியில. பத்திரமா வெச்சிருக்கேன்."

"ஒரு தபாவாவது போட்டியா?"

நான் கீழே கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"பொங்கலுக்கு வந்தப்ப, இந்த வீட்ல அவரு காப்பி குடிச்ச டம்ளர எடுத்துக்கினு போயி கொல்லையில வெந்நி ஊத்துனது யாரு? நானா? எனக்கு அந்த நோவப் பத்தி என்னாடி தெரியும்? டாக்டருகிட்ட பேசுனவ நீ. கட்டுன பொண்டாட்டி நீ. உன்னப் பாத்துதான் நான் பயந்தேன்."

எங்கள் குழாயடி நினைவுக்கு வந்தது. தினம் காலையில் நான் டம்ளரோடும் வெந்நீர்ச் சொம்போடும் போகும்போது பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதி அங்கேதான் குழந்தைக்குத் துணி அலசிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்ப்பாள். டம்ளரைப் பார்ப்பாள். ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் நானே தண்டோரா போட்டிருக்கிறேன், கையில் ஒரு நசுங்கிய டம்ளரை வைத்துக்கொண்டு.

அக்கா போட்ட சாப்பாட்டை இரண்டு பேரும் சாப்பிட்டோம். மத்தியான ரயிலில் திரும்பினோம். ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன், வழக்கம்போல. ரயிலில் எப்போதும் நான் எதிரேதான் உட்காருவேன் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பேரணி ஸ்டேஷன் தாண்டியது. பிறகு மனசுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்.

"வீட்ல இன்னும் ரெண்டு உருண்டை மிச்சம் இருக்குது. அந்தப் பொம்மைக்குத் தலை மொட்டையா இருக்குது பாத்தியா? ஒரு குல்லா பின்னிட்டா நூலு சரியாத் தீர்ந்துடும்."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. போட்டுக்கொள்கிற ஒரே ஆளுக்கு மிச்ச நூலையும் கொடுத்துவிடலாம் என்று அவர் நிஜமாகவே முடிவு செய்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. ஓடு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கைகால் கழுவப் போனதும் டிரங்க் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். ஸ்வெட்டரை உதறித் தலை வழியாக மாட்டிக்கொண்டேன். பாச்சை உருண்டை நெடியில் கண் எரிந்தது. உள்ளே இருந்த ரவிக்கை ஒரு நிமிஷத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழுத்தெல்லாம் அரிப்பு. அப்படியே போய்க் கூடத்தில் நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர் துண்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"வெயிலா இருக்குது. கழட்டு" என்றார்.

ஊரே ஒரு வருஷமாக அவரிடம் சொன்ன சாக்கை எனக்கு அவரே எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கிக்கொள்ளத்தான் உடம்பு கெஞ்சியது.

"வெயிலு இருந்துட்டுப் போவுது. நீளம் பத்தல பாருங்க. அன்னிக்கு நான் கிட்ட வந்து அளவு கொடுக்கல" என்றேன்.

அவர் தலையணை உறையைத் தலைகீழாக உதறினார். இரண்டு உருண்டைகள் விழுந்தன, ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று செங்கல் நிறம். போக்ஸ் கம்பிகளை எடுத்துக்கொண்டு என் காலடியில் தரையில் உட்கார்ந்தார். நான் போட்டிருக்கும்போதே கீழ் ஓரத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் எடுத்து, என்னைச் சுற்றிச் சுற்றி நகர்ந்து பின்ன ஆரம்பித்தார். "அசையாத, கம்பி குத்தும்" என்றார். வியர்வை என் முழங்கை வழியாகச் சொட்டி அவர் தலையில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், ஜன்னலைச் சாத்தவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. நாலு விரற்கடை கத்தரிப்பூ, அதற்குக் கீழே இரண்டு விரற்கடை செங்கல். கடைசி முடிச்சைப் போட்டபோது மீதி நின்றது ஒரு சாண் நூல்தான். திண்டிவனத்துப் பொம்மைக்குக் குல்லா கிடைக்கவில்லை. வைகாசியில் கிரகப்பிரவேசம் முடிந்து அதை அவிழ்த்தபோதும் மொட்டைத் தலையாகத்தான் இருந்தது.

பிறகு காப்பி போட்டேன், ஸ்வெட்டரோடேயே. குடித்துவிட்டு அவர் கீழே வைத்த டம்ளரில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. இரண்டு டம்ளரையும் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரில் கழுவினேன். பாதியில் என் கை தானாக வெந்நீர்ச் சொம்பைத் தேடியது. அடுத்த நாளும் தேடியது. அது தேடாமல் இருக்க ஆடிவரைக்கும் ஆயிற்று.